ரிட்டர்ன் லோடு கேப்டன்

ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காலை நான்கே முக்காலுக்கு எழுந்தேன். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. தின்றது முதல் கவுண்டர் கணக்குவரை எல்லாவற்றையும் தினமும் டைரியில் எழுதிவைப்பேன். ஐந்தரைக்குச் சேலம் விமான நிலையத்தில் எங்கள் கம்பெனி கவுண்டரைத் திறந்தேன். ஏழு மணிக்குச் சென்னை விமானம் இறங்கியது. ஏழரைக்கு அதே விமானம் சென்னைக்குத் திரும்பியபோது, தலைமை அலுவலகக் கூட்டத்துக்காக நானும் அதில் ஏறினேன்.

ஓட்டியவர், நாங்கள் ரிட்டர்ன் லோடு கேப்டன் என்று கூப்பிடுபவர். விமானம் காற்றில் பறக்கிறது என்பதை நம்பாத ஒரே விமானி உலகத்திலேயே அவர்தான். அவரைப் பொறுத்தவரை அது ரிட்டர்ன் லோடில் பறந்தது.

நாமக்கல்லில் அவர் அப்பாவுக்குப் பதினொரு லாரி. போன வண்டி ரிட்டர்ன் லோடு ஏற்றாமல் வெறும் வண்டியாகத் திரும்பினால் அந்த வீட்டில் அடுப்பெரியாது என்பார்கள். அந்தப் பாடத்தோடுதான் இவர் விமானி ஆனார். புறப்படுமுன் சக்கரத்தை விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார்.

"கேப்டன், காத்து பாக்கறதுக்கு மீட்டர் இருக்கு சார்," என்பார் இன்ஜினியர்.

"மீட்டரு சரியாத்தானுங்க சொல்லும். டயருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுப் போடலாமுங்க."

மேலே போனதும் ஒலிபெருக்கியில் வரவேற்பு. "வணக்கமுங்க. பின்னாடி நாலு சீட்டு காலியாக் கெடக்குதுங்க. அடுத்தவாட்டி மச்சானையும் கூட்டிட்டு வாங்க." கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, பக்கத்து இலைக்காரரிடம், "சென்னைக்கு எப்பப் போறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

கூட்டம் பதினோரு மணிக்கு. எல்லா ஊர் விமானிகளும் கவுண்டர்காரர்களும் வந்திருந்தார்கள். டை கட்டிய திட்ட அதிகாரி திரையில் வரைபடம் காட்டினார். புது விமானங்கள், புது ஊர்கள், அம்புக்குறிகள். சேலம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"சேலம் விமானம் பாதி காலியா போகுது. அடுத்த மாசத்தோட நிறுத்தறோம்."

சேலம் கவுண்டரில் என்னையும் சேர்த்து ஆறு பேர்.

பின்வரிசையிலிருந்து கேப்டனின் கை உயர்ந்தது. "ஏனுங்க, அது இங்கிருந்து போற லோடுங்க. திரும்பற லோடு எங்கீங்க?"

"சேலத்துல ஏறறவங்க சென்னைக்குத்தானே வர்றாங்க? அதனால சென்னை கணக்குல சேர்த்திருக்கோம். கேப்டன், நீங்க விமானத்தை ஓட்டுங்க. பிசினஸ் எங்க வேலை."

"எந்தச் சீட்டு காலின்னு ஓட்டறவனுக்குத் தெரியாதுங்களா? எங்க சனம் காலைல வண்டியேறி வேலைய முடிச்சு, சாயங்கால ரயில்ல ஊடு திரும்பிரும். போற லோட மட்டும் பாத்து எங்கப்பா ஒரு லாரியக்கூட வித்ததில்லீங்க." என் பக்கம் திரும்பினார். "சாமி, அந்த டைரிய எடுங்க."

அதிகாரி வாங்கி, ஏதோ ஒரு பக்கத்தை உரக்கப் படித்தார். "காலை பொங்கல். மிளகு அதிகம். இறங்கியவர் முப்பத்தொன்று. ஏறியவர்..." நிறுத்தினார். "எழுபது சீட்டுல அறுபத்தெட்டா?"

"பொங்கல உடுங்க. அடுத்த பக்கத்தப் படிங்க."

அடுத்த பக்கம் அறுபத்தொன்பது. அதற்கடுத்தது எழுபது. பொங்கலுக்குச் சிரித்த விமானிகள் ஒவ்வொருவராகக் கை தட்டத் தொடங்கினார்கள். அதிகாரி சிவப்பை அழிக்கச் சொன்னார்.

"அப்புறமுங்க, புது வண்டி வாங்கறது நல்லதுதானுங்க," என்றார் கேப்டன், உட்காராமலே. "இருக்கற வண்டிய நெரப்பிப் போட்டு வாங்குங்க."

எங்கள் கேப்டன் என்று பக்கத்திலிருந்த மதுரைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். அவரோ, யார் என்று ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

மாலை ரயிலில் ஊர் திரும்பினேன்.

மறுநாள் நான்கே முக்காலுக்கு எழுந்து, கைப்பேசியில் பயணிகள் பட்டியலைப் பார்த்தேன். காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன், முதல் வேலையாக வெண்ணந்தூரிலிருக்கும் என் மச்சானை எழுப்பி, உடனே கிளம்பி வரச் சொன்னேன். அவருக்குச் சென்னையில் ஒரு வேலையும் இல்லை. கேப்டன் வண்டியில் ஒரு சீட்டு காலியாக இருந்தது.