அழாமலிருக்கும் வித்தை

தார்சஸ் நகரில் ஆற்றுப் பாலத்தருகே ரொட்டி சுடும் என் மதிப்பிற்குரிய தந்தை ரோந்தாஸ் அவர்களுக்கு, ஏதென்ஸில் தத்துவம் படிக்கும் மகன் ஆர்த்தெமாஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் முன்பாக, நீங்களும் அக்கா அம்மியாவும் அத்தானும் நம் கோவேறு கழுதையும் உடல் நலத்தோடு இருக்க வேண்டுமென்று இந்த ஊர்த் தெய்வங்களிடம் நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். எதற்கும் கலங்காதவர்கள் என்று பேர் பெற்ற ஸ்டோயிக் கூட்டத்தின் மாணவன் இப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளக் கூடாதுதான். வருவது வரட்டும் என்று இருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்குப் போகிற வழியிலேயே கோயில் இருக்கிறது, சும்மா தாண்டிப் போக மனம் வருவதில்லை. நான் நலம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டு நினைவும் இல்லை.

அக்கா கையால் எழுதி நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதில் அக்காவின் சேதிகள் நிறைய, உங்களுடையது ஒரே வரி. "அழாம இருக்குறதுக்கு அங்க வழி சொல்லிக் குடுத்தாங்களான்னு கேளு." அப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன் என்று அக்கா கீழே குறித்திருந்தாள். நீங்கள் கடையில் யாரோடும் பேசுவதே இல்லையாமே. வாங்க வருகிறவர்கள் விரலால் காட்டுகிறார்களாம், நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்களாம். அத்தனை வருடமும் உங்கள் இருவருக்கும் சேர்த்து அம்மாதான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் ஊருக்குத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த குளிர்காலத்தில், கம்பளி வியாபாரி ஒருவன் நம் கடையில் நின்று, ஏதென்ஸில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்குப் பெண்டாட்டி செத்தாலும் பிள்ளை செத்தாலும் கண்ணில் ஒரு சொட்டு வராது என்று சொன்னான் அல்லவா? நீங்கள் மாவுக் கையைத் துடைக்காமலேயே என் பக்கம் திரும்பினீர்கள். "எனக்கு எழுத்து தெரியாது. நீ போய்ப் படிச்சிட்டு வா. வந்து எனக்குச் சொல்லிக் குடு" என்றீர்கள். ஆகவே உங்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. சொல்கிறேன்.

எங்கள் ஆசிரியர் பெயர் தியோகிளிஸ். உலகத்தில் இருப்பவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். நம் கையில் இருப்பவை, நம் கையில் இல்லாதவை. நம் எண்ணம் நம் கையில். மற்றபடி மழை, காய்ச்சல், கப்பல், சொந்தக்காரர்கள், வீட்டுக்காரி எல்லாம் இரண்டாம் பிரிவு. இதைப் புரிந்துகொண்டால் துக்கம் இல்லை. வந்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் ஓரியோன் தடுத்துவிட்டான். இவன் எகிப்துக்காரன், என்னோடு ஒரே அறையில் இருப்பவன். "புரியறது வேற, வர்றது வேறப்பா. எனக்கு நீச்சல்கூடப் புரியும்" என்றான்.

வருவதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது. காலையில் கண் விழித்ததும், இன்று என்னென்ன கெடுதல் வரலாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி வைத்தால், வரும்போது திடுக்கிடாது. நான் மறுநாளே ஜன்னலோரம் நின்று, அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கும் நல்ல குரலில் தொடங்கினேன். "இன்று இந்தக் கூரை இடிந்து விழலாம். விழட்டும். வீடு தீப்பற்றி எரியலாம். எரியட்டும். வீட்டுக்காரி மிர்த்தலே இறக்கலாம். இறக்கட்டும்." கீழே முற்றத்தில் எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்ட மிர்த்தலே அம்மாள் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"அடப்பாவி! நேத்துதானே உனக்கு ரெண்டாந்தடவ கஞ்சி ஊத்தினேன்! அதுக்கா இந்தச் சாபம்?"

"சாபம் இல்லம்மா, பாடம்!"

"எந்த வாத்தியார்டா வீட்டுக்காரி சாகணும்னு பாடம் நடத்துறான்?"

எனக்கு உதவி செய்கிறேன் என்று ஓரியோன் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து, "கோவிச்சுக்காதீங்கம்மா, உங்கள மட்டுமா சொல்றான்? பெத்த அப்பன், கூடப்பொறந்த அக்கா எல்லாரையும்தான் இப்படி அனுப்பி வைப்பான்" என்றான். அதோடு தெருவே கூடிவிட்டது. பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, பூசாரியைக் கூப்பிட்டு, என்னை முற்றத்தில் உட்கார வைத்துச் சுற்றிலும் கந்தகப் புகை போட்டார்கள். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரி, "பாரு பாரு, போக மனசில்லாம பேய் அழுவுது" என்றாள். அப்பா, அந்தப் பேய்க்கு வீட்டு நினைவு இருந்திருக்கலாம். எனக்கு இல்லை.

ஓரியோன் சொன்னது பொய் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கூரையைச் சொல்ல முடிகிறது, தீயைச் சொல்ல முடிகிறது. 'இன்று அப்பாவுக்கு' என்று தொடங்கினால் வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூரையையே மறுபடி ஒருமுறை இடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

உணவைப் பற்றி அக்கா கேட்டிருந்தாள். இந்த ஊர் ரொட்டி நன்றாகவே இருக்கிறது. உள்ளே வேகவில்லை, வெளியே கருகியிருக்கிறது, நடுவில் உப்பு இல்லை, மற்றபடி நன்றாக இருக்கிறது. சுட்டவன் உங்களைப்போல அதைத் திருப்பி அடியில் தட்டி, வெந்த ஓசை வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதில்லை. "தட்டிப் பாக்க மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏன், உள்ள ஆள் இருக்கானா?" என்றான். நாங்கள் வாங்கி வரும் ரொட்டியை அறையில் நானே தட்டிப் பார்க்கிறேன். ஒரு சத்தமும் வருவதில்லை. ஓரியோன் என்னை ஒருமாதிரி பார்க்கிறான். இது ஏக்கம் இல்லை, தொழில் பழக்கம்.

இப்போது போர்வை விஷயம். அக்காவுக்கு யாராவது சொல்லி அது வேறுமாதிரி உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குளிர் தொடங்கிய சமயம், பொதுக் குளியல் மண்டபத்தில் என் போர்வையைச் சுவரில் மாட்டிவிட்டு வெந்நீரில் இறங்கினேன். ஏறி வந்தால் ஆணி மட்டும் இருக்கிறது. 'திருடன்' என்று கத்தப் போனேன். ஆனால் சுற்றிலும் ஆட்கள், அதில் எங்கள் பள்ளிக்காரர்களும் உண்டு. உடனே நெஞ்சை நிமிர்த்தி, மண்டபம் முழுவதும் கேட்கும்படி, "போனது என்னுடையது அல்ல! கொஞ்ச நாள் என்னிடம் இருந்தது, அவ்வளவே! எடுத்தவர் நன்றாக இருக்கட்டும்!" என்றேன். தண்ணீருக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்கள். துடைக்கிற துண்டோடு வீடுவரை நடந்தேன். நாய்கள்கூட மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றே குரைத்தன. மறுநாள் தியோகிளிஸ் எல்லார் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவனைப் பாருங்கள்" என்றார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை. அன்றிரவு போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை என்பது மட்டும்தான் குறை. அதுவும் இரண்டாம் பிரிவு.

சில நாள் கழித்து மீன் சந்தைக்குப் போனால், அங்கே தடித்த ஆள் ஒருவன் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு கருவாடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்பீர்கள். ஓரத்து நீலக் கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு மேலே ஏறி, மறுபடி இறங்கும். அந்த இடத்தை நெய்யும்போதுதான் பக்கத்து வீட்டு அத்தை தன் மகளின் கல்யாணச் சேதி கொண்டு வந்தாள். அம்மா தறியில் இருந்தபடியே திரும்பிப் பேசினாள், கை தன்பாட்டுக்கு நெய்துகொண்டே போனது. "பிரிச்சு மறுபடி நெய்யட்டா?" என்று அம்மா கேட்டபோது, "இருக்கட்டும், நீ பேசினது அதுலயாவது நிக்கட்டும்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

நான் போய் முனையைப் பிடித்தேன்.

"ஏய், யாருப்பா நீ? விடு, துணி கிழியுது."

"இது என் போர்வை."

"உன்னுதா? குளிக்கிற எடத்துல நின்னு என்ன கத்தினே? 'என்னுடையது அல்ல, எடுத்தவர் நல்லா இருக்கட்டும்'னு நீதானே சொன்னே? தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன். அதுவரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. இவ்ளோ மனசார வாழ்த்துறானே மகராசன்னு தைரியமாப் போர்த்திக்கிட்டேன்."

"சொன்ன சொல்லு சொன்னதுதானே தம்பி?" என்றாள் மீன்காரி. கூட்டம் சிரித்தது. தர்க்கம் படித்தவன் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நம் கையில் இருப்பவை, இல்லாதவை என்று தொடங்க நினைத்தேன். "எங்கம்மா நெய்தது" என்றுதான் வந்தது. அதைச் சொன்னதும், அப்பா, என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. அடக்கத்தன்று வராதது, கப்பல் ஏறும்போது வராதது எல்லாம் மொத்தமாக வந்துவிட்டது. மீன் செதில்களுக்கு நடுவே உட்கார்ந்து, போர்வை முனையை விடாமல், ஊரே பார்க்க, மாட்டுக்கன்று மாதிரி கதறினேன்.

திருடன் வெலவெலத்துப் போனான். "டேய், டேய், அழாதப்பா! எல்லாரும் பாக்குறாங்க, நான் அடிச்சுட்டேன்னு நினைப்பாங்க! இந்தா, உங்கம்மா போர்வை. இந்தா, இந்தக் கருவாட்டையும் வச்சுக்க. என்னை விட்டுட்டா போதும்." எனக்குப் போர்த்திவிட்டு, முதுகில் தட்டிக் கொடுத்து, மீன்காரியிடம் தண்ணீர் வாங்கித் தந்துவிட்டுத்தான் போனான்.

அந்த நேரம் பார்த்து தியோகிளிஸ் மாணவர்களோடு பேசிக்கொண்டே சந்தை வழியாக வந்தார். என்னைப் பார்த்தார். சட்டென்று தம் மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டார். மாணவர்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே திரும்பினார்கள். அது முட்டுச்சந்து. ஒவ்வொருவராகத் திரும்பி என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மாலையில் கருவாட்டோடு மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவரே வந்து கதவைத் திறந்தார். கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்" என்றார்.

"குடுங்க ஐயா, நான் நறுக்கித் தர்றேன்" என்று, அவர் தடுப்பதற்குள் சமையற்கட்டுக்குள் போய்விட்டேன். அங்கே வெங்காயம் இல்லை. கத்தி இல்லை. அடுப்பு பற்ற வைத்தே வெகு நாளாகியிருக்கும். மனைவி இறந்துவிட்டாள் என்று அப்போதுதான் சொன்னார்; பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது, அப்பா. திருவிழா விடுமுறையில் இறந்திருக்கிறாள். விடுமுறை முடிந்ததும் வழக்கம்போல வந்து, நம் கையில் இல்லாதவை பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். நாங்கள் வழக்கம்போலக் கொட்டாவி விட்டிருக்கிறோம்.

நான் அடுப்பிலிருந்த பழைய சாம்பலை அள்ளினேன். பிறகு நான் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, எங்கப்பா எழுதிக் கேட்டிருக்காரு. அழாம இருக்க வழி இருக்கா?"

"கண்ணீர் வர்றது நம்ம கையில இல்லப்பா. வந்த பின்னாடி நாம என்ன செய்யறோம்ங்கறதுதான் நம்ம கையில இருக்கு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பொய் சொன்னேன். வெங்காயம்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்ததில் இருவருக்கும் மறுபடி கண்ணில் நீர் வந்தது. அதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, திருடன் கொடுத்த கருவாட்டைச் சுட்டுச் சாப்பிட்டோம். அவள் எப்படிச் சமைப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நன்றாகச் சமைக்க மாட்டாளாம். புறப்படும்போது, "உங்கப்பா என்ன தொழில் செய்யறார்?" என்று கேட்டார். ரொட்டி சுடுகிறார் என்றேன். "அப்ப புகைன்னு சொல்லச் சொல்லு. வெங்காயத்தவிட நல்ல சாக்கு" என்றார்.

ஆகவே, மதிப்பிற்குரிய அப்பா, படிப்பு நன்றாக நடக்கிறது. வித்தை பாதிக்குமேல் கைவந்துவிட்டது, மீதிக்கு இன்னும் சில வருடங்கள் பிடிக்கும். நடுவில் விட்டுவிட்டு வருவது ஸ்டோயிக் மாணவனுக்கு அழகல்ல. நீங்களும் அக்காவும் வரச் சொல்லி எழுத வேண்டாம். எழுதினாலும் வர மாட்டேன், என் மனம் இப்போது பாறை மாதிரி இருக்கிறது. அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு. கல்யாணச் சேதி கொண்டு வந்த அத்தைக்கும், அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கும், பாலத்துச் சுங்கக்காரருக்கும், கோவேறு கழுதைக்கும் தனித்தனியாக என் விசாரிப்புகள். தெய்வங்கள் உங்கள் கையையும் அடுப்பையும் காக்கட்டும்.

பணிவுள்ள மகன்,
ஆர்த்தெமாஸ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நம் ஊர்ப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன். கப்பலோட்டும் பருவம் முடிந்து கடைசியாகக் கிளம்புகிற கப்பல். அதில் ஒரு மாலுமி வாங்கிக்கொள்கிறேன் என்றான். "வீடு எங்க இருக்கு?" என்று கேட்டான். படகிலிருந்து இறங்கினால் வலது கைப்பக்கம், சாயக்காரர்களைத் தாண்டி, அத்திமரம் வரும், அங்கே நின்றாலே வாசனை வரும் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல நிறுத்தவே முடியவில்லை. "இவ்வளவு வழி எனக்கு எங்கப்பா ஞாபகம் இருக்கும்? நீயே வந்து காட்டிடு" என்றான். காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஏறினேன். கப்பல்காரர்களுக்குக் கப்பலைத் திருப்பும் உத்தேசம் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வரிகளை நம் வாசலில் நின்று எழுதுகிறேன். கதவைத் தட்டத் தைரியம் வராததால் கடிதத்தை அடியில் தள்ளுகிறேன். அக்கா, அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறவள் நீதானே, இந்த இடத்தில் நிறுத்து. அவரைப் போய்க் கதவைத் திறக்கச் சொல். திட்டுவதென்றால் வாய்விட்டு நன்றாகத் திட்டச் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். வெளியே மழை.