கணினி தியானத்தில் உள்ளது

எங்கள் குடியிருப்பின் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் குழாயில் தண்ணீர் வருவது என்று முடிவாகிவிட்டது. குழாய் பதித்தாகிவிட்டது. தொட்டி கட்டியாகிவிட்டது. யார் வீட்டுக்கு முதலில், யார் வீட்டுக்குப் பிறகு என்கிற பட்டியலும் தயார். அந்தப் பட்டியல் குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மூன்றாம் எண் லேப்டாப்பில் இருந்தது. மற்ற எல்லாம் சரியாக இருந்தன. லேப்டாப்புக்குத்தான் உடம்பு சரியில்லை.

பட்டியலைத் தயாரித்தவர் அந்த அலுவலகத்தின் எழுத்தர். எல்லாருக்கும் அவர் அக்கா. ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குகிறார்கள் என்று விசாரித்துப் பட்டியல் போட்டவர். இதில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. ஒரு வீட்டில் நாய் கடித்தது. அந்த வீட்டையும் அதற்குரிய இடத்தில்தான் வைத்தார், கீழே தள்ளவில்லை. அப்படிப்பட்ட மனுஷி.

ஒரு திங்கட்கிழமை லேப்டாப் அப்படியே நின்றது. திரையில் வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு வட்டமும் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அக்கா தன் கொழுந்தனுக்குப் போன் போட்டார். அவர் கடைத்தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் மெக்கானிக்.

"தம்பி, இது நின்னு நின்னு போகுது."

"எவ்வளவு நேரம் நிக்குது அண்ணி?"

"போன வாரம் ஒரு நிமிஷம். இன்னிக்குப் பத்து நிமிஷம். நான் டீ குடிச்சிட்டு வந்தாலும் விட்ட இடத்துலயே நிக்குது."

"சத்தம் ஏதாவது வருதா?"

அக்கா போனை லேப்டாப் மேல் வைத்தார். டக்... டக்... கிர்ர்ர்... டக்.

"போதும் அண்ணி, போனை எடுங்க, கேக்கவே பயமா இருக்கு. ஹார்ட் டிஸ்க் போகப்போகுது. இன்னும் போகலை, அதுவரைக்கும் நம்ம அதிர்ஷ்டம். முதல்ல உள்ளே இருக்கிற முக்கியமானதை வெளியே காப்பி எடுத்துடுங்க. வைத்தியமெல்லாம் அப்புறம்."

"அணைச்சுப் போட்டா சரியாகாதா?"

"அணைச்சு அணைச்சுப் போட்டா இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்."

அக்கா நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். அதிகாரி நல்லவர். யார் எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்பார், கேட்டு முடித்ததும் படிவத்தை எடுப்பார். இப்போதும் எடுத்தார். அதில் இரண்டே கட்டங்கள். ஒன்று, 'இயங்குகிறது.' இன்னொன்று, 'இயங்கவில்லை.'

"இதுல எது மேடம்?"

"ரெண்டும் இல்லை சார். போகப்போகுது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இங்கே நிகழ்காலம் உண்டு, இறந்தகாலம் உண்டு. எதிர்காலத்துக்குக் கட்டம் இல்லை. உங்க டிஸ்க் இறந்தகாலத்துக்கு வரட்டும், உடனே புது டிஸ்க்குக்குக் கையெழுத்துப் போடறேன்."

"அது இறந்துட்டா பட்டியலும் போயிடுமே சார். ஒரு காப்பி மட்டும் எடுத்து வச்சுக்க அனுமதி கொடுங்க."

"எதுக்கு?"

"டிஸ்க் போகப்போகுதுன்னுதான்."

"அதை யார் சொன்னா?"

"என் கொழுந்தன்."

கொழுந்தன் என்ற பதவி அலுவலக அமைப்பில் இல்லாததால், தொழில்நுட்ப ஆய்வாளர் வரவழைக்கப்பட்டார். டாக்டரைக் கண்டதும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுவதுபோல, அவரைக் கண்டதும் லேப்டாப் துள்ளி எழுந்தது. எட்டு நிமிடம் அது ஓடிய ஓட்டத்தை அதன் இளமையில்கூட யாரும் பார்த்ததில்லை. ஆய்வாளர் திரையிலிருந்த பூப்படத்தை எடுத்துவிட்டு மலைப்படம் வைத்தார். அறிக்கை எழுதினார்: "கருவி நலமுடன் இயங்குகிறது. பயன்படுத்துபவர் அவசரப்படுகிறார். கருவிக்கு எதுவும் தேவையில்லை. அவருக்குப் பயிற்சி தேவை."

அவர் படியிறங்கிய மறுநிமிடம் டக் என்றது.

அந்தச் சமயம் எல்லா அலுவலகங்களிலும் மன அமைதிப் பயிற்சி பரவியிருந்தது. கொஞ்சம் வசதியான அலுவலகம் என்றால் ஒரு பயிற்சியாளர் இருந்தே ஆக வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கும் ஒருவர் வந்தார். வெள்ளை உடை. செருப்பு போடமாட்டார். அவருடைய செருப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டு பின்னால் வருவார்.

அக்கா அவரிடம் சொன்னார்: "ஐயா, லேப்டாப் அடிக்கடி நின்னு போகுது."

பயிற்சியாளர் புன்னகைத்தார். "அது நிக்கலை அம்மா. உங்களை நிக்கச் சொல்லுது."

"உள்ளே டக் டக்னு சத்தம் வருது."

"உங்க உள்ளேயும் ஒண்ணு டக் டக்னு அடிக்குது. அதை என்னிக்காவது கேட்டீங்களா?"

அதிகாரிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. "'உறைந்துவிட்டது', 'நின்றுவிட்டது', 'போகப்போகிறது' ஆகிய எதிர்மறைச் சொற்கள் இன்று முதல் விலக்கப்படுகின்றன. கணினி செயலற்றிருக்கும் வேளைகளில், அது மீண்டு வரும்வரை, அலுவலர்களும் பொதுமக்களும் கண்களை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும்."

கவுன்டரில் பலகை மாட்டினார்கள்: 'கணினி தியானத்தில் உள்ளது. அமைதி காக்கவும்.'

நாங்களும் காத்தோம். சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. வரிசையில் நின்றபடியே கண்ணை மூடுவோம். திறக்கும்போது சிலர் முன்னேறியிருப்பார்கள், சிலர் பின்னுக்குப் போயிருப்பார்கள். அதைக் கேட்டால் மன அமைதி கெடும் என்பதால் யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் பிரிவில் பொறாமை வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்கு கணினிகளையும் தியானத்தில் அமர்த்தினார்கள். சுருக்கெழுத்தர் ஒருவர் தன் பேனாவும் தியானத்துக்குப் பழகிவிட்டதாக எழுதிக் கொடுத்தார். அதாவது, எழுதுகிற வரைக்கும் எழுதிவிட்டு, மிச்சத்தை வாயால் சொன்னார். மாவட்டத்திலேயே சிறந்த மன அமைதி அலுவலகம் என்று கேடயம் அறிவித்தார்கள்.

அக்காவுக்கு மட்டும் அமைதி இல்லை. கண்ணை மூடினால் ஆறு மாத நடையும் அந்த நாயும் வந்து நின்றன.

"அண்ணி, லேப்டாப்பை ஒரு மணி நேரம் கடைக்குக் கொண்டு வாங்க" என்றார் கொழுந்தன்.

"வாசலைத் தாண்டக் கூடாது தம்பி."

"அப்ப நான் வர்றேன்."

"உன்னை அதைத் தொட விடமாட்டாங்க."

"யாரு பார்க்கப்போறா?" என்றார் கொழுந்தன். அப்போதுதான் அக்காவுக்கும் அது உறைத்தது.

புதன்கிழமை காலை கொழுந்தன் பொதுமக்களில் ஒருவராக டோக்கன் வாங்கி வரிசையில் நின்றார். பத்தே முக்காலுக்கு லேப்டாப் நின்றது. மணி அடித்தார்கள். அதிகாரி முதல் காவலாளி வரை எல்லாரும் கண்ணை மூடினார்கள். கொழுந்தன் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், லேப்டாப்பை அழுத்தி அணைத்து, தன் பென் டிரைவிலிருந்தே அதை எழுப்பி, பட்டியலைத் தேடினார். டிஸ்க் முனகியது. மூன்று தடவை கை நழுவிப் போய், நாலாவது தடவை பட்டியல் வந்தது. இரண்டடி தூரத்தில் அதிகாரி ஆழ்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சா?" என்று அக்கா உதட்டை மட்டும் அசைத்தார்.

கொழுந்தன் கட்டை விரலைக் காட்டினார். அக்கா அன்றுதான் முதல்முறையாக நிஜமாகவே மூச்சைக் கவனித்தார்.

அடுத்த வாரம் கேடயம் தருகிற விழா. மேலதிகாரிகள் முன்னிலையில் எங்கள் அதிகாரி லேப்டாப்பைத் திறந்தார். டக் என்று ஒரே ஒரு சத்தம். திரை கறுத்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. நாற்பது நிமிடம் ஆயிற்று. "ஆழ்ந்த நிலை" என்றார் பயிற்சியாளர், கண்ணைத் திறக்காமல். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு மேலதிகாரி குறட்டை விட்டதும் விழா இனிதே நிறைவுற்றது.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அதிகாரி. 'இயங்கவில்லை' என்ற கட்டத்தில் சந்தோஷமாக டிக் போட்டார். மறுநாளே புது டிஸ்க் வந்தது. உள்ளே துடைத்து வைத்ததுபோல் காலி.

"பட்டியல் எங்கே மேடம்?"

அக்கா பென் டிரைவை மேசையில் வைத்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"எல்லாரும் கண்ணை மூடியிருந்தப்போ சார்."

அதிகாரியின் முகம் வெளுத்தது. அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை போயிற்று. பட்டியலைப் பற்றித் தனியாக ஒரு கோப்பு திறந்தார்கள். அனுமதியின்றிப் பிழைத்துக்கொண்ட பட்டியல் செல்லுமா, செல்லாதா? மேலிடத்திலிருந்து பதில் வந்தது: சம்பந்தப்பட்ட பொதுமக்கள் சம்மதித்தால் செல்லும்.

அக்காவுக்கு உயிர் வந்தது. "நம்ம ஜனங்கதானே, ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று எல்லாரிடமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். பட்டியலை அப்போதுதான் முதல்முறையாக நாங்கள் பார்த்தோம், சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியில் கேட்டார்: "இந்தப் பட்டியலே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். இல்லையென்றால் எல்லாரும் புதிதாக விண்ணப்பிக்கலாம். எப்படியும் ஒன்றரை வருஷம் ஆகும்."

முதல் இடத்தில் இருந்தவர் கை தூக்கினார். மற்ற முந்நூற்றுப் பதினோரு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். கை இறங்கியது.

"மாடி வீட்டுக்காரன் எப்படிய்யா எனக்கு முன்னாடி வந்தான்?"

"அந்தம்மா வீட்டுல ரெண்டே பேரு!"

நான் பதினோராவது ஆள். இரண்டே வாரத்தில் என் வீட்டில் குழாய் திறந்திருக்கும். கையைப் பாதி தூக்கியும்விட்டேன். அப்போதுதான் பத்தாவது பெயர் கண்ணில் பட்டது. என் மைத்துனர். அவருக்கு எனக்கு ஒரு நாள் முன்னால் தண்ணீர்! அன்றைக்கு அவர் என் வீட்டுக்கு வந்து, "மாப்பிள்ளை, அவசரம்னா நம்ம வீட்டுல ஒரு குடம் பிடிச்சுக்கங்க" என்று சொல்லுவார். அந்தக் குரல்கூட எனக்குக் கேட்டுவிட்டது. தூக்கிய கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டேன்.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென் டிரைவைக் கைப்பையில் போட்டு மூடினார். பிறகு விண்ணப்பக் கட்டை எடுத்து, "தள்ளாம வாங்க" என்றார். தள்ளினோம்.

ஒன்றரை வருஷம் கழித்து, நேற்றுத்தான் புதுப் பட்டியல் வந்தது. என் எண் இருநூற்று அறுபத்தெட்டு.

மைத்துனருக்கு இருநூற்று அறுபத்தொன்பது. நாட்டில் நியாயம் இன்னும் செத்துப்போகவில்லை.