ஆறாவது பேசன்

நான் ஆள் வைத்து நத்தை பிடித்திருக்கிறேன், பிடித்த நத்தைக்கு விஷம் வைத்திருக்கிறேன், செத்ததா பிழைத்ததா என்று ஊசியால் குத்தியும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் முறைப்படி பதிவு செய்துவிட்டுச் செய்ததால் எம்.பில். பட்டம் கொடுத்தார்கள். நான் கொன்ற நத்தைகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது (பொய், கொஞ்சம் உண்டு). ஆனால் சாகவே கூடாது என்று வைத்திருந்த இருபது நத்தைகள் செத்தன பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, கொஞ்ச நாளிலேயே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட வருடம் அது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். புகுந்த வீடு உடையார்பாளையம். வீட்டில் மூன்றே பேர். நான், அரியலூரில் ஆபீஸ் வேலைக்குப் போய்வரும் என் வீட்டுக்காரர், என் மாமியார். அத்தை மூன்று ஏக்கர் முந்திரிக் கொல்லையை ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் படும் போர்டையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும். விலங்கியல் முதுகலை முடித்த மருமகள் அல்லவா நான், அப்போது எனக்கு எதற்கெடுத்தாலும் மானம் போகும்.

என் ஆராய்ச்சி இதுதான். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து மழையில் கரைந்து ஏரிக்குப் போகிறது. ஏரியில் இருக்கும் நத்தை அதில் எவ்வளவு தாங்கும்? இதற்கு ஆறு பேசன் வேண்டும், துணி ஊறவைப்போமே, அந்த அகலமான பிளாஸ்டிக் பேசன். ஒவ்வொன்றிலும் பத்து நத்தை. ஐந்து பேசனில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலக்க வேண்டும். ஆறாவதில் வெறும் தண்ணீர். நான்கு நாள் கழித்து எண்ணிப் பார்த்து, எந்த அளவு மருந்தில் சரிபாதி நத்தை சாகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பாதிக் கணக்குதான் ஆராய்ச்சியின் உயிர்நாடி. ஆறாவது பேசனுக்குப் பெயர் கண்ட்ரோல். அதில் ஒன்று செத்தால் பரவாயில்லை என்பார்கள். அதற்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் குப்பைக்குத்தான். தண்ணீரிலேயே சாகிற நத்தை மருந்தால் செத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதில் ஒரு சிக்கல். என் கைடு சார் மே முப்பத்தொன்றாம் தேதி ரிட்டையர் ஆகிறார். அதற்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் நான் வேறொரு கைடிடம் புதிதாகப் பதிவு செய்து, புதுத் தலைப்பில், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருட உழைப்பு அம்போ. சரி, சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்த்தால் ஏப்ரலில் செய்முறைத் தேர்வு என்று லேபைப் பூட்டிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஆறு பேசனையும் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்தேன். விக்கிரமங்கலம் பக்கத்து ஏரியில் ஆள் விட்டுப் பிடித்த நத்தைகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்தேன். வழியில் சாக்கிலிருந்து ஒன்று இறங்கி முன்சீட்டு அம்மாவின் முந்தானையில் ஊர்ந்தது. அது தனிக் கதை, விடுங்கள்.

அத்தை வந்து பார்த்தார். இது என்னத்துக்கு என்று கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நத்தைக்கு மருந்து வச்சு எத்தனை சாவுதுன்னு பாக்கறது அத்தை. சொன்னா உங்களுக்குப் புரியாது. நீங்க கிட்டக்கப் போவாதீங்க." அவ்வளவுதான். இரண்டு வருட ஆராய்ச்சிக்கு நான் வீட்டில் கொடுத்த விளக்கம் இந்த மூன்று வாக்கியம். அத்தை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் மகா எச்சரிக்கைக்காரி. ஐந்து பேசனிலும் ஆங்கிலத்தில் அளவு எழுதி ஒட்டினேன். ஆறாவது மட்டும் வீட்டில் யாரும் குழம்பிவிடக் கூடாது, எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று, நல்ல தமிழில், கொட்டை எழுத்தில், 'மருந்து இல்லை' என்று எழுதி ஒட்டினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் சோதனை. நான்காம் நாள் காலையில் பேசன்களின் மேல் போர்த்தியிருந்த பழைய கொசுவலையை விலக்கினேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஐந்து பேசன்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்திருந்தன. ஆறாவதில் பத்தும் காலி. நத்தை செத்ததா என்று தெரிந்துகொள்வதே ஒரு பாடு, ஓட்டின் மூடியைச் சாத்திக்கொண்டு உயிரோடும் கிடக்கும், செத்தும் கிடக்கும். ஊசியால் குத்தினேன், தண்ணீர் மாற்றிப் பார்த்தேன், வெயிலில் காட்டினேன், ஒன்றுகூட அசையவில்லை.

கைடு சார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உலகத்திலேயே தண்ணீரில் விஷம் கண்டுபிடித்தது நீதான் என்றார். மறுபடி செய்யச் சொன்னார். நத்தையைப் புதிதாகப் பிடித்து ஒரு வாரம் வீட்டுத் தண்ணீருக்குப் பழக்கி, அதன் பிறகுதான் சோதனை தொடங்க முடியும். மே முப்பத்தொன்றுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

காரணத்தைத் தேடினேன். முதலில் மாட்டியது கொசுவர்த்தி. அதன் புகைதான் என்று முடிவு கட்டி வீட்டில் கொசுவர்த்திக்குத் தடை போட்டேன். ஒரு மாதம் என் வீட்டுக்காரர் போர்வைக்குள் வெந்தார். அடுத்து பேசன் மேல் சந்தேகம். ஆறாவதைத் தூக்கிக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறி, வாங்கிய கடையில் போய், இது என்ன பிளாஸ்டிக், இதில் என்ன கலந்திருக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். கடைக்காரர் நிதானமானவர். "இதே பேசன்லதான் எம் பேத்தியக் குளிப்பாட்டறோம். அவ நல்லாத்தாம்மா இருக்கா" என்றார். கடையில் நின்ற நான்கைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேசனைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

இரண்டாவது சோதனை. தண்ணீர் வேறு, பேசன் வேறு, கொசுவர்த்தி கிடையாது, தாழ்வாரத்தில் பல்லிகூட நடமாட நான் விடவில்லை. லேபிளை மட்டும் பழைய பேசனிலிருந்து பத்திரமாக உரித்துப் புதியதில் ஒட்டினேன் (சிக்கனம்). நான்காம் நாள் பார்த்தால் கண்ட்ரோலில் பத்தும் காலி. விஷம் அதிகம் வைத்த ஐந்தாவது பேசனில்கூட இரண்டு உயிரோடு கொம்பை நீட்டிக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தன.

அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஓசையில்லாமல் எல்லாம் இல்லை, ஒப்பாரியாகவே அழுதேன். இந்த மாசத்துக்குள் முடியவில்லை என்றால் என் படிப்பே போச்சு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அத்தை ஒரு சொம்பு நீர்மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது சோதனையைத் தொடங்கிய அன்றைக்கு மே மாதம் பாதி தாண்டிவிட்டது. காலையில் மருந்து கலந்து, நத்தைகளை எண்ணிப் போட்டு, வலையைப் போர்த்திவிட்டு, முதல் அத்தியாயத்தை டைப் அடிக்கக் கொடுக்க அரியலூர் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற பிறகுதான் அத்தியாயம் மேஜை மேலேயே இருப்பது ஞாபகம் வந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

பின்பக்கம் யாரோ நடமாடும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஆறாவது பேசன் முன்னால் குத்துக்காலிட்டிருந்தார். ஒரு கையில் தகர டின். இன்னொரு கையில் அதன் மூடி. வலையை ஓரமாக, பக்குவமாக விலக்கி, மூடி நிறைய ஊற்றி, ஒரு குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கி முடித்து இன்னொரு மூடி ஊற்றினார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"வந்துட்டியா? மருந்து இல்லைன்னு எழுதிப் போட்டிருந்தியே, அதான் ஊத்தறேன்."

அவரே தொடர்ந்தார். "ரேசன் கடையில சீனி இல்லைன்னு போர்டு வச்சா என்னா அர்த்தம்? வந்தா போடணும்னுதான. ஒனக்குத்தான் மருந்து பத்தலபோலன்னு நெனச்சேன். ஒம் பாட்டில்ல இருக்கறது வெறுந்தண்ணி மாதிரி இருந்துச்சு. நம்ம முந்திரிக்கு அடிச்சது போவ டின்னுல மிச்சம் கெடந்துச்சு. அதுலேருந்து ஊத்துனேன்."

மொத்த மர்மமும் அங்கே உடைந்தது. தண்ணீரில் கலந்தால் நிறமே மாறாத ரகம் அது. வாடை வந்தாலும் தாழ்வாரம் பூராவும் அதே வாடைதான், தனியாக எனக்கு எப்படித் தெரியும்? மூன்று தடவையும் நீங்கள்தானா என்று கேட்டேன். பின்னே உன் புருசனா ஊற்றுவான் என்று கேட்டார். அதோடு விட்டாரா? "மொத ரெண்டு வாட்டியும் ஒரு மூடிதான். எல்லாம் செத்தும் நீ பாஸாவலன்னு அழுத. அதான் இந்தவாட்டி ரெண்டு மூடியா ஊத்துனேன்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பது முழுதும் ஞாபகம் இல்லை. படிக்காதவர்கள் நடுவில் வாழ்க்கைப்பட்டதால் எனக்கு இந்த கதி என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது, மறக்க ஆசைப்பட்டும் மறக்காமல் இருக்கிறது. அத்தை டின்னுக்கு மூடியைப் போட்டுத் திருகி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். முழுக்கக் கேட்டார். அவருடைய வேலையே மனுக்களைப் படித்துப் பொருள் கண்டுபிடிப்பது. லேபிளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, எனக்குமே அம்மா சொல்கிற மாதிரிதான் அர்த்தமாகிறது என்று சொல்லிவிட்டார். பிறகு, நீ செய்வது என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டார்.

இருட்டுவதற்குள் அத்தை திரும்பி வந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் கிடக்கட்டும், அந்தப் பேசன் எதற்கு, அதைச் சொல் என்றார். அரை மணி நேரம் பேசுவதற்குத் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் என் பேச்சை வெட்டினார்.

"மருந்து அடிக்கறப்ப ஓரமா நாலு மரத்த அடிக்காம வுட்டு வைப்போம். நெசமா மருந்துலதான் பூச்சி செத்துச்சா, இல்ல மழையில போச்சான்னு அதப் பாத்தாதான் தெரியும். அந்த நாலு மரந்தான் இது. இத மொதல்லயே சொல்றதுக்கு ஒனக்கு என்னா கொள்ளை?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வகுப்பு எடுத்து, ஒரு தேர்வும் வைத்து விளங்கவைத்த சங்கதி அது. இந்த அம்மா அதை முந்திரிக்கு வருஷாவருஷம் செய்துகொண்டிருக்கிறார். சொன்னால் புரியாது என்று இவரிடம் சொன்ன என் வாயில் எதை வைத்து அடைப்பது?

பழக்கி வைத்ததில் மிச்ச நத்தைகள் எழுபதுக்கு மேல் இருந்தன. பேசன்களைத் தேய்த்துக் கழுவி மறுநாளே நான்காவது சோதனையைத் தொடங்கினோம். தொடங்கினேன் என்று எழுத முடியாது. லேபிளை அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இதில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது.' அதன் பக்கத்தில் நார்க்கட்டிலைப் போட்டு நான்கு நாளும் அத்தை காவல் இருந்தார். அந்த நான்கு நாளும் எனக்கும் அங்கே மரியாதை கிடையாது. மருந்துப் பேசனைத் தொட்ட கையோடு ஆறாவதன் பக்கம் போனால், கையைக் கழுவினியா என்று அதட்டுவார். கழுவினேன் என்றால், முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார். நான்காம் நாள் எண்ணினோம். கண்ட்ரோலில் பத்தும் உயிரோடு இருந்தன. மருந்துப் பேசன்களில் வரிசையாக, புத்தகத்தில் போட்ட மாதிரியே, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று செத்திருந்தன.

டைப் அடித்து, பைண்டு பண்ணி, மே முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் கொண்டுபோய் நீட்டியபோது கைடு சார் பிரிவு உபசார மாலையோடு மேடையில் இருந்தார். மாலை இடித்ததால் கையெழுத்து கோணலாக விழுந்தது. எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் இந்தக் கதையை அத்தைதான் சொல்வார், என்னைச் சொல்ல விடமாட்டார். புதிதாகப் பெண்ணெடுத்த சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, பேசன், ரேஷன் கடை, என் ஒப்பாரி, மோர்ச்சொம்பு என்று ஒன்று விடாமல் சொல்வார். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்டுத் தொலைக்க வேண்டும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, என்னைக் கை காட்டி முடிப்பார்.

"ரெண்டு வருசம் படிச்சவ ஊத்துனா பாதிதான் செத்துச்சு. நான் ஊத்துனதுல ஒண்ணு பொழைக்கல. பட்டத்த அவளுக்குக் குடுத்துட்டாங்க."