ரத்தினத்துக்கு எண்ணெய் தேய்த்த சனிக்கிழமை

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாமிரபரணியிலிருந்து பத்து நிமிட நடையில் பிறந்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து அதிலேயே குளித்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் அம்பாசமுத்திரத்தில் இதை வெளியே சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அதனால் படித்துறையில் மூன்றாவது படியிலேயே நின்றுகொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையைக் காலை ஆட்டி, நடு ஆற்றிலிருந்து அப்போதுதான் திரும்பியவன் மாதிரி மூச்சு வாங்குவேன். கோமதியைப் பெண் பார்க்கப் போன அன்று, அவள் கேட்காமலேயே, “அக்கரைக்கு ஒரே மூச்சுல போயிட்டு வந்துருவேன்” என்று சொல்லியும் வைத்திருந்தேன். (ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் கேசரி இருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை.)

கோமதி பாளையங்கோட்டைக்காரி, பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி வந்தபோது சீராக ஒரு கட்டில், ஒரு பீரோ, வெண்கலப் பானை, இவற்றோடு ஒரு ஆமையும் வந்தது. பெயர் ரத்தினம். வெளிநாட்டுத் தரை ஆமை, மூன்று கிலோ இருக்கும். கோமதி ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் வனத்துறை நம்மைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடும். ஆனால் மாமா சட்டம் தெரிந்தவர். ரத்தினத்தை முறையாகப் பதிவு செய்து, காகிதங்களைத் தனிக் கோப்பில் போட்டு, அந்தக் கோப்பையும் சீரோடு அனுப்பியிருந்தார்.

ஆமையைப் பார்த்ததும் என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எந்த வீட்டுலயாவது ஆமைய உள்ள விடுவாகளா?” என்று இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு தீர்ப்பும் சொன்னாள். “அது பாட்டுக்கு நடந்து உள்ள வந்தாத்தான் ஆகாது. நாம தூக்கிட்டு வந்தா அது விருந்தாளி.”

அன்றிலிருந்து ரத்தினம் பகலெல்லாம் புறவாசலில் முருங்கைக்கீரையும் புல்லும் மேயும். பொழுது சாயும்போது யாராவது அதைத் தூக்கி வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவர வேண்டும். ஒருநாள் அது தானாகவே படியேறி முன்னங்காலை உள்ளே வைத்துவிட்டது. அம்மா கோமதியைக் கூப்பிட்டு, அதை வெளியே எடுத்துப்போய், மறுபடி தூக்கிவரச் சொன்னாள். தூக்குகிற வேலை எப்போதும் கோமதியுடையது. எனக்கு ஆமையைத் தொடப் பயம். (அதையும் வெளியே சொல்லவில்லை.)

கல்யாணமான ஆறாம் மாதம் மாமா போய்விட்டார். காலையில் பேப்பர் படிக்கும்போது ரத்தினத்தைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு அதற்கு வாசித்துக் காட்டுவது அவர் வழக்கமாம். அவர் போனபிறகு கோமதி அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் ரத்தினத்தைத் தூக்கியதும் உடனே இறக்கிவிட மாட்டாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பாள். அப்பாவிடமிருந்து அவளுக்கு மிச்சம் இருந்தது அதுதான் என்பது எனக்கும் புரிந்திருந்தது. 

பாளையங்கோட்டையில் அவளுக்கு ஒரு வாரம் ஆசிரியர் பயிற்சி வந்தது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, சாப்பாட்டு டப்பாவை ஆமையாக வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள்.

“ரெண்டு பக்கமும் ரெண்டு கை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல. சாய்க்கக் கூடாது, கவுக்கவே கூடாது. ரொம்ப உசத்தாம பைய பைய கொண்டு போகணும். பயந்துட்டா ஒண்ணுக்குப் போயிரும், அதுக்காகப் பட்டுனு கைய விட்டுறாதீங்க. பெறகு சோப்புப் போட்டுக் கைய கழுவணும். கேக்கீங்களா?”

“கேக்கேன், கேக்கேன்” என்றேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக இன்னும் ஏதோ கத்தினாள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். நான் எல்லாம் விளங்கியவன் போலத் தலையை ஆட்டினேன்.

நான்கு நாள் ஒழுங்காகத்தான் போனது. ரத்தினத்தை ஒரு பழைய துண்டில் ஏந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டிவிடுவேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காத சனிக்கிழமை கிடையாது. புறவாசலில் உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ரத்தினம். ஓடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பாவம், அதற்கும் உடம்புச் சூடு இருக்குமே என்று தோன்றியது. தேய்த்துவிட்டேன். ஓடு பளபளவென்று மின்னியது. கோமதிக்குப் போட்டோ அனுப்பினால் அசந்துபோவாள் என்று நினைத்தேன். எண்ணெய் தேய்த்தால் குளிக்க வேண்டும். குளிக்க வேண்டுமென்றால் ஆறு. எங்கள் ஊர் மூளை அதற்குமேல் போகாது.

ரத்தினத்தை ஒரு வாளியில் வைத்து, சீயக்காய்ப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். கணபதி அண்ணாச்சி அங்கே துணி அலசிக்கொண்டிருந்தார். டீக்கடை வைத்திருப்பவர். நிஜமாகவே அக்கரைக்கு ஒரே மூச்சில் போய்வருகிறவர்.

“ஏலே சங்கரா, வாளிக்குள்ள என்னதுலே?”

“வீட்டு ஆமை அண்ணாச்சி. குளிப்பாட்டப் போறேன்.”

“ஆமைய ஆத்துல குளிப்பாட்ட வந்த மொத ஆளு நீதாம்லே” என்றார்.

எண்ணெய்க் கையால் எண்ணெய் ஆமையை வாளியிலிருந்து தூக்கினேன். ஒரு கையால்தான். தூக்கிய மறுகணம் ரத்தினம் கோமதி சொன்ன காரியத்தைச் செய்தது. வெதுவெதுப்பாக முழங்கைவரை இறங்கியது. கோமதி செய்யக் கூடாது என்ற காரியத்தை நான் செய்தேன். பட்டென்று கையை விட்டேன். ரத்தினம் படியில் ஒருமுறை இடித்து, எண்ணெயில் வழுக்கிக்கொண்டே அடுத்த மூன்று படிகளையும் கடந்து, அதற்கப்பால் இருந்த கசத்தில் விழுந்தது. அந்தக் கசத்தில் ஆளே முங்கிவிடுவான்.

“ஆமைதானலே, நீந்தி வந்துரும்” என்றார் அண்ணாச்சி. நின்று பார்த்தோம். இரண்டு குமிழி வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

ஜன்னல் வழியாக அவள் கத்தியது அப்போதுதான் என் மண்டைக்குள் முழுசாகக் கேட்டது. ‘தண்ணிக்கிட்ட மட்டும் கொண்டு போயிராதீங்க, அதுக்கு நீந்தத் தெரியாது!’

நான் குதித்தேன். நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குள் பச்சையாகத் தண்ணீர், காதுக்குள் பறையடி. காலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. குனிந்து பிடித்தேன். இந்தமுறை இரண்டு பக்கமும் இரண்டு கை, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில், சாய்க்காமல், கவிழ்க்காமல். தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் ரத்தினத்திடம் போய்விட்டதால் தத்தளிக்கக்கூட எனக்குக் கை மிச்சமில்லை.

கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஆற்றின் மேலே இரண்டு கைகளும் ஒரு ஆமையும் மட்டும் தெரிந்தனவாம். அண்ணாச்சி பாய்ந்து வந்து என் தலைமுடியைப் பிடித்தார். எண்ணெய், வழுக்கியது. தோளைப் பிடித்தார். அதுவும் வழுக்கியது. “சவத்த விட்டுட்டுக் கையக் குடுலே!” என்று கத்தினார். நான் விடவில்லை. கடைசியில் அரைஞாண்கயிற்றில் விரலைக் கொடுத்து இழுத்துக் கரையேற்றினார். என் வேட்டி திருநெல்வேலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் துண்டைக் கட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டரம்மா ரத்தினத்தைத் தலைகீழாகச் சாய்த்துக் கழுத்தை மெல்ல இழுத்துப் பிடித்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வடிந்தது.

“இது என்ன, பிசுபிசுன்னு?”

“நல்லெண்ணெய் டாக்டர்.”

“ஆமைக்கா?”

“சனிக்கிழமை டாக்டர்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஊசி போட்டார். “மூச்சு இருக்கு. உள்ள தண்ணி போயிருக்கலாம். கதகதப்பா வைங்க. தலைய வெளிய நீட்டி நடமாடுதான்னு ரெண்டு நாள் பாக்கணும்” என்றார்.

ரத்தினம் ஆற்றில் விழுந்ததையும் அண்ணாச்சி எங்களை இழுத்துக் கரையேற்றியதையும் போனில் கோமதியிடம் சொன்னேன். “வாரேன்” என்று ஒரே வார்த்தை. மத்தியானம் வந்துவிட்டாள்.   ரத்தினம் அட்டைப்பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வெறும் ஓடாகக் கிடந்தது. என் அம்மா அதுவரை ஆமையைத் தொட்டதில்லை. அன்று தன் பழைய சேலையை மடித்து அதன் அடியில் வைத்தாள்.

கோமதி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பேப்பரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். பாபநாசம் அணையின் நீர்மட்டம், வாழைத்தார் விலை, இரங்கல் செய்திகள், எதையும் விடவில்லை. மறுநாளும் வாசித்தாள். நான் கதவோரமாக நின்றேன். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு நாளில் நான் கும்பிடாத சாமி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாங்குநேரியில் ஏதோ பஸ் மறியல் என்ற செய்தியின் பாதியில், ரத்தினம் தலையை வெளியே நீட்டியது. கோமதி பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அப்பாவுக்காக அழ வேண்டியதையும் சேர்த்து அன்றுதான் அழுதாள் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கோமதி என்னைப் பார்த்தாள். “ஆமா, அக்கரைக்கு ஒரே மூச்சுல போயிட்டு வருவேன்னீங்களே?”

சொன்னேன். மூன்றாவது படி, இடுப்பளவுத் தண்ணீர், எல்லாவற்றையும். அரைஞாண்கயிறு வரைக்கும் வந்தபோது சுவரில் சாய்ந்து சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் எனக்கு நிம்மதியாக விடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டும்போதே, “ஒரு ஆளுக்குத்தான் ஊத்தியிருக்கேன்” என்பாள் கோமதி. படித்துறையில் தலை தெரிந்தால், “இன்னைக்கு நீ மட்டுந்தானாலே?” என்பார் அண்ணாச்சி. ரத்தினம் இப்போது ஐந்து கிலோ. வாசற்படி தாண்டித் தூக்கிவருவது என் வேலை. பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறேன்.

மறுவருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். நர்ஸம்மா குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான் இரண்டு பக்கமும் இரண்டு கை கொடுத்து, சாய்க்காமல், உசத்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன சார், பிள்ளைய இப்படியா பிடிப்பாங்க? நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க, கீழ போட்டுறப் போறீங்க” என்றார் அவர்.

கட்டிலிலிருந்து கோமதி சொன்னாள். “விடுங்க சிஸ்டர். அவிய தண்ணிக்குள்ள முங்குனாலும் கீழ போட மாட்டாவ.”