பதினேழாம் தேதி காலி

நவம்பர் மாதத்துக்கு முப்பது நாட்கள் உண்டு என்பதை அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுள்ளது. அந்த முப்பது நாளும் நம்ம போடிப் பகுதியில் ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் ஓர் உத்தரவு வந்தது. 'நவம்பர் மாத முக்கிய நிகழ்வுகளும் பேரிடர்களும்' என்று காலண்டர் போடப்போகிறார்களாம். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் நினைவு நாள் கொண்டாடுவதுதான் மோஸ்தர். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு சம்பவம். எந்த வருடம் நடந்ததாக இருந்தாலும் சரி, கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

காலண்டர் கமிட்டிக்குத் தலைவர் தாலுகா அலுவலக சூப்பிரண்டு பால்ராஜ். பொதுமக்கள் சார்பில் ஏலக்காய்க் கடை கலீபுல்லாவாகிய நான். கமிட்டியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்பதாம் தேதியை நானே எடுத்துக்கொண்டேன். என் கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்த நாள் அது. நனைந்தது ஒரு சாக்கின் மூலைதான். வரலாற்றுக்காகக் கடையையே மூழ்கடித்தோம். நாலாம் தேதி தேவாரத்தில் யானை வாழைத்தோப்புக்குள் இறங்கியது. பதினாறாம் தேதி போடிமெட்டு வளைவில் பெரிய அதிகாரி ஒருவரின் கார் பஞ்சரானது. அதைப் பேரிடரில் சேர்த்தோம். பதினேழு மட்டும் எதற்கும் மசியவில்லை.

அப்போதுதான் கருத்தம்மா மனுவோடு வந்தாள். போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். போன நவம்பர் மழையில் அவள் குடியிருப்புக்குப் போகிற ஓடைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அங்கிருக்கிற அத்தனை குடும்பமும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் போய் வருகிறது. இது அவளுடைய ஆறாவது மனு. முதல் ஐந்தையும் பிரித்தே பார்க்காத பால்ராஜ், இதை எழுந்து நின்று படித்தார்.

"ஆத்தா, பாலம் என்னைக்குப் போச்சு?"

"பதினாறாம் தேதி சாயங்காலம் சார்."

"பதினாறு ஃபுல்லு. பதினேழுன்னு போட்டுக்குவமா?"

"பதினேழாம் தேதி அடிச்சுட்டுப் போறதுக்கு அங்க பாலம் ஏது சார்?"

"எழுதிட்டா இருந்ததா அர்த்தம்."

"எழுதுனா வெரசா கட்டித் தருவீகளா?"

"காலண்டர்லயே வந்துருது ஆத்தா! அதுக்கு மேல ஒரு பாலத்துக்கு என்ன வேணும்?"

ஏதோ நடக்கப்போகிறது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

நடக்கத்தான் செய்தது. பாலம் போன இடம் நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அக்கரையில் 'இவ்விடத்தில் பாலம் இல்லை' என்று போர்டு நட்டார்கள். பதினேழாம் தேதி விழா. விருந்தினர்கள் கால் நனையாமல் போர்டுக்குப் போக வேண்டுமே! ஒரு வருடமாக ஆகாத காரியம் மூன்று நாளில் ஆயிற்று. கைப்பிடி வைத்த இரும்புப் பாலம். கருத்தம்மா சோலி எதுவும் இல்லாமலே அதில் நாலு தடவை போய் வந்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"ஏன் சார் கழட்டுறீக? இருந்துட்டுப் போகட்டுமே!"

பால்ராஜ் பொறுமையாக விளக்கினார். "பாலம் இல்லைன்னு போர்டு வச்சிருக்கோம். பாலம் நின்னா போர்டு பொய்யாயிரும். கவர்மெண்டு பொய் சொல்லலாமா ஆத்தா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "பாய், நீங்களும் கமிட்டிதான? ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நினைவிடம் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி ஓடைக்கரையில் நான் ஏலக்காய் டீக்கடை போட்டிருந்தேன். பாலம் அங்கேயே நின்றுவிட்டால், பாலம் இல்லாததைப் பார்க்க யார் வருவார்கள்?

"வரலாற்றுல நாம கை வைக்கக் கூடாதும்மா" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதனால் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னேன்.

கருத்தம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மேலே மலையில் நல்ல மழை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. நடு ஓடையில் நின்று திரும்பினாள்.

"சார், இன்னைக்கு என்னைய அடிச்சுட்டுப் போனா எந்தக் கட்டத்துல போடுவீக?"

பால்ராஜ் கேள்வியை நேர்மையாகவே எடுத்துக்கொண்டார். காலண்டரை விரித்து, விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நவம்பர் ஃபுல்லு ஆத்தா. டிசம்பர் வரைக்கும் பாத்துப் போ!"

டிசம்பர் கமிட்டியிலும் நான் இருக்கிறேன்.