அக்காவின் கிராபிக்ஸ் கார்டும் நெல் தூற்றுகிற ஃபேனும்

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், அக்காவின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். எப்படிச் செய்யக்கூடாது என்பதற்குத்தான் நான் இருக்கிறேன்.

ஓவர்கிளாக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்ன வேகத்தில் ஓடு என்று கம்பெனிக்காரன் சொல்லி அனுப்பிய, கம்ப்யூட்டரில் வீடியோ வேலை பார்க்கிற கார்டை, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வைப்பது. நிதானமாகச் செய்தால் தப்பில்லை. (நிதானம் கிலோ என்ன விலை என்று கேட்கிற வயசு அப்போது எனக்கு.)

இன்ஜினியரிங் முடித்துவிட்டு, குத்தாலத்தில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கலைச்செல்வி முன்னறையில் வீடியோ ஸ்டுடியோ நடத்தினாள். வளைகாப்பு, காதுகுத்து என்று சில்லறை வேலைகள்தான் வரும். முதல் பெரிய கல்யாணம் அந்தத் தை மாதம் வந்தது. "பொம்பளப் புள்ளைய நம்பியா குடுக்கறீங்க?" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தும் பெண்ணின் அப்பா அக்காவிடமே கொடுத்தார். இது சொதப்பினால் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு கல்யாண வேலை அவளுக்குக் கிடைக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன் பாருங்கள், அதுதான் நான்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் தரங்கம்பாடி கடற்கரைக்கு அழைத்துப்போய் எடுத்த வீடியோ, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி வரவேற்பில் மண்டபத்துத் திரையில் ஓட வேண்டும். வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே வீடியோவாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அன்று காலை பத்து மணிக்கு அக்கா மண்டபத்துக்குக் கிளம்பினாள்.

"நாலு மணிக்கு முடிஞ்சிரும். பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்தாப் போதும். வேற எதையும் தொடாதடா."

"சரிக்கா."

நேரம் போதவில்லையா? தாராளமாக இருந்தது. ஆனால் ஒரு மணிக்கே கொண்டுபோய் நீட்டினால் அக்கா அசந்துபோவாளே! அந்த ஒரு 'சபாஷ்'க்கு ஆசைப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினேன்.

ஓவர்கிளாக் பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தேன். வேகத்தைத் துளித்துளியாக ஏற்று, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் சோதித்துப் பார், சூட்டைக் கவனி, திரையில் புள்ளியோ கட்டமோ தெரிந்தால் உடனே இறக்கு என்று அந்த மனுஷர் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். பொறுமையைப் பற்றிய அந்த வீடியோவை நான் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்திருந்தேன். திரையில் வேகத்தைக் கூட்டுகிற கம்பியை மவுஸால் நேராகக் கடைசிக்குத் தள்ளினேன். கம்ப்யூட்டர் இரைந்தது. சூடு ஏறியது. பொட்டென்று அணைந்தது.

யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்திருப்பார்கள். நான் இன்ஜினியர் அல்லவா, காற்று போதவில்லை என்று கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் களத்துக்கு ஓடினேன். அங்கே சித்தப்பா விதைநெல் தூற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து முறம் எல்லாம் கிடையாது. ஆள் உயர ஃபேன் ஒன்றை வைத்து, அதன் முன்னால் நெல்லைக் கொட்டினால் பதர் பறந்துவிடும்.

"சித்தப்பா, ஃபேன் வேணும்."

"எதுக்குப்பா?"

"கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டரத் தூத்தப் போறியா?" என்று சிரித்தபடி கொடுத்தார். "தொடச்சிட்டுப் போடு, சொணை இருக்கும்."

துடைக்கவில்லை. மூடி திறந்த கம்ப்யூட்டருக்கு நேராக நிறுத்தி, மூன்றாம் நம்பரில் போட்டேன். இறக்கையில் ஒரு போகமாகச் சேர்ந்திருந்த, நெல்லின் அரிக்கிற தூசியான சுணையும் பதரும் மொத்தமாகக் கிளம்பிக் கார்டுக்குள் குடிபுகுந்தன. மிச்சம் என் சட்டைக்குள் போனது. ஐயோ, அந்த அரிப்பு! ஒரு கையால் முதுகைச் சொறிந்துகொண்டு மறு கையால் மவுஸைப் பிடித்தேன்.

இன்னும் இரண்டு தடவை அணைந்தபின்தான் வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் முழுசாகக் குறைக்க ரோஷம் விடவில்லை. ஒரு வழியாக ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது வேலை முடிந்தது. போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வண்டியை விரட்டினேன்.

திரையில் முதல் நிமிடம் கடல், அலை, பாட்டு என்று அமர்க்களமாக ஓடியது. அக்கா என் தோளைத் தட்டினாள். தட்டிய கையை அவள் எடுப்பதற்குள் மாப்பிள்ளையின் மூஞ்சியில் பச்சைக் கட்டம் ஒன்று முளைத்தது. அடுத்து பெண்ணின் நெற்றியில் ஊதாக் கட்டம். பிறகு கடலே கட்டம் கட்டமாக உடைந்தது.

"ஜாதகக் கட்டத்த எதுக்குடி மூஞ்சில போட்டுருக்காங்க?" என்றாள் முன்வரிசைப் பெரியம்மா ஒருத்தி. மண்டபம் கொல்லென்று சிரித்தது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். என்னைத் திட்டாத அந்தப் பேச்சு போல எதுவும் சுட்டதில்லை.

அக்கா வீடியோவை நிறுத்தி, லேப்டாப்பிலிருந்த போட்டோக்களைத் திரையில் ஓடவிட்டாள். நேராக அவரிடம் போனாள்.

"தப்பு என் ஸ்டுடியோவோடதுதாங்க. நாளைக்குத் தாலி கட்டி முடிஞ்சதும் நல்ல வீடியோ ஓடும். ஓடலைன்னா எனக்கு நீங்க எதுவுமே தர வேணாம்."

என் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கார்டைக் கழற்றி, பிரஷ்ஷால் சுணையைத் துடைத்து, வேகத்தைப் பழையபடி வைத்து வேலையைப் போட்டாள். மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் வீடியோ பளிச்சென்று ஓடியது. சாப்பாட்டுப் பந்திக்குப் போனவர்களை நிறுத்தி, பெண்ணின் அப்பாவே இரண்டாம் முறை போடச் சொன்னார்.

அதன்பிறகு அக்கா அந்த வித்தையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். துளித்துளியாக ஏற்றி, சோதித்து, நோட்டில் எழுதி, கட்டம் தெரிந்த இடத்துக்கு இரண்டு படி கீழே நிறுத்திக்கொண்டாள். வேலையை முடித்துக் கொடுக்கும் நாளில் வேகத்தில் கை வைப்பதே இல்லை. இன்று அவளிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் பாடம் என் கதைதான்.

என் கல்யாண வீடியோவையும் அவள்தான் செய்தாள். வரவேற்பில் திரை ஒளிர்ந்தது. கடல் சுத்தமாக இருந்தது, என் மனைவியின் முகம் சுத்தமாக இருந்தது. என் மூஞ்சியில் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை ஒரு பச்சைக் கட்டம். சித்தப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கட்டமில்லாத வீடியோவை அக்கா இன்றுவரை தரவில்லை. "நாலு மணிக்குத் தர்றேன்டா, தொடாம இரு" என்கிறாள்.

என் மகளுக்கு மூன்று வயது. வீடியோவைப் போட்டு "இதுல அப்பா எங்க?" என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பச்சைக் கட்டத்துக்கு முத்தம் கொடுக்கிறாள்.