ரத்தம் வராத ஈறு

புகை பிடிப்பவர்களில் தன் ஈறைப் பற்றித் தம்பட்டம் அடிப்பவர் என்று ஒரு தனி ரகம் உண்டு. உங்கள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருப்பார். எங்களுக்கு அந்தப் பாக்கியம் அத்தான் உருவத்தில், அதாவது அக்காவின் கணவராக வாய்த்தது.

அத்தான் எலெக்ட்ரீஷியன். பையில் கட்டிங் பிளேயர் இருக்கும், கத்தி இருக்கும். இருந்தாலும் ஏணி மேல் நின்று, சிகரெட்டை வாயின் ஓரத்துக்கு ஒதுக்கி, ஒயரை முன்பல்லில் கடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி, அதன் மேல்தோலை உரித்துத் துப்பினால்தான் அவருக்கு வேலை செய்த மாதிரி இருக்கும். கீழே நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்தால் இன்னும் உசத்தி.

அக்காவுக்குப் பல் தேய்க்கும்போது ஈறில் லேசாக ரத்தம் கசியும். போதாதா? ஒரு கையில் பிரஷ், மறு கையில் சிகரெட்டோடு வாஷ்பேசின் பக்கத்தில் நின்று, அவள் பிரஷ் பிடிக்கும் லட்சணம், பேஸ்டின் தரம், எங்கள் பரம்பரைப் பல்லின் பலவீனம் என்று ஒன்றுவிடாமல் அலசுவார். முத்தாய்ப்பு மட்டும் மாறாது: "இத்தனை வருஷமா ஊதறேன். என் ஈறுல ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லைதான். என்ன செய்வது?

அவருடைய முன்பல் வேறு வருஷா வருஷம் நீண்டுகொண்டே போனது. ஈறு மேலே ஏறுகிறது என்று நீங்களும் நானும் நினைப்போம். பல் வளர்கிறது என்றார் அத்தான். வாய் நாற்றத்துக்குக் காரணம் வெங்காயம், கறைக்குக் காபி, பல் ஆட்டத்துக்கு இந்தக் காலத்து ஒயர். சிகரெட் பாவம், ஒன்றும் அறியாதது.

அக்கா ஒருநாள் பல் டாக்டரிடம் கிளம்பினாள். அத்தானும் துணைக்குப் போனார். டாக்டரம்மா அவள் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு, சீக்கிரம் சரியாகிவிடும் என்றார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். நல்ல ஈறு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டாமா? அத்தான் தானாகவே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தார். டாக்டரம்மா மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது.

"ரத்தம் வராததுதான் உங்க பிரச்சினை. புகை ரத்தக் குழாயைச் சுருக்கிடும். உள்ள சீழ் பிடிச்சாலும் வெளிய காட்டாது. இவங்களுக்கு ரத்தம் வந்துச்சு, பயந்து வந்துட்டாங்க. உங்களுக்கு எதுவும் வரல, நீங்களும் வரல."

முன்பல்லைத் தாங்கும் எலும்பு பாதி கரைந்திருந்ததாம். இன்றே நிறுத்தினால் மற்ற பற்கள் பிழைக்கும், முன்பல்லால் மட்டும் எதையும் கடித்துவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அத்தான் வெளியே வந்ததும் ஒன்றைப் பற்றவைத்தார். நிறுத்துவதைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டுமே.

மறுநாள் ஏணி, சிகரெட், ஒயர். பழக்க தோஷத்தில் கடித்தார், தலையை வெட்டினார். ஒயரின் தோல் அப்படியே இருந்தது. பல்தான் கழன்று வந்தது.

வீட்டுக்கு வந்தவர் பல்லைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் காட்டி, ஒயர் செய்த கம்பெனியை ஒரு பிடி பிடித்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒயரைத் திட்டினது போதுங்க. மிச்சப் பல்லையாவது எனக்காக வச்சுக்கோங்க."

அத்தான் பால்கனிக்கு நழுவினார். பின்னாலேயே நானும் போனேன். புதிதாய்க் கிடைத்த சந்தில் சிகரெட் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பிடிக்க உதடுகூட வேண்டாம் பார் என்று சிரிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே ஒரு கை சிகரெட்டை உருவ, மறு கை போய் வாயைப் பொத்திக்கொண்டது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். எப்போதாவது ஒன்று, அதுவும் நண்பர்கள் வற்புறுத்தினால்தான் என்று சொல்ல வாயைத் திறக்கிறீர்கள். நல்லது, மூடாதீர்கள். அப்படியே கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருங்கள்.